விரலில் இருந்த நெய்

அம்மாவுக்கு வஞ்சுளம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

நேற்று எங்கள் ராஜபாளையம் லேபில், அக்கா ரத்தம் எடுப்பதற்காக ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொடுத்தேன். விரலெல்லாம் நெய். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த மரகதவல்லி அம்மா அவர். இந்தத் தடவையும் கூடியிருந்தால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். புது ஆளிடம் எனக்குப் பேச்சு வராது, உங்களுக்குத் தெரியும். எப்படியோ கேட்டுவிட்டேன், "ஏதும் சாப்பிட்டீங்களா?"

"பச்சத்தண்ணி பல்லுல படல ஏட்டி! கோயில்ல கொஞ்சம்போல பொங்கல் வாங்கி வாயில போட்டேன். அது பிரசாதம்லா, சாப்பாட்டுல சேருமா?"

ரத்தம் எடுக்கும் இன்பம் அக்கா சிரித்துக்கொண்டே ஊசியைக் கீழே வைத்தார். "ஆண்டாளுக்குத் தெரியும், மிஷினுக்குத் தெரியாதே அம்மா. நாளைக்கு வாங்க." பிறகு எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நல்லவேளை கேட்ட ஏட்டி" என்றார்.

இன்று அந்த அம்மா நிஜமாகவே வெறும் வயிற்றோடு வந்தார். சர்க்கரை அவ்வளவாகக் கூடவில்லை, மாத்திரையே போதுமாம். பையிலிருந்து பிரசாதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "நீ கேக்கலன்னா எனக்கு ஊசிதாம்ட்டி." பசியோடு பஸ்ஸில் அதைப் பிரிக்காமலே கொண்டுவந்திருக்கிறார்.

எட்டாவதோடு நின்ற என்னை இங்கே உதவி வேலைக்குச் சேர்த்துவிட்டீர்களே, அதற்கு உங்களுக்குத்தான் நன்றி.

மார்கழிக் குளிர் அதிகம். தம்பியிடம் என் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் சரி.

ரத்தம் கொடுக்க அடுத்த ஆள் வந்துவிட்டார். பொட்டலத்துப் பொங்கலில் பாதியை அக்காவுக்கு வைத்துவிட்டு, மீதியைச் சாப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

உங்கள் மகள்
வஞ்சுளம்