வெளுக்காத முன்பல்

மார்ச் 3
மாமனாருக்கு அடுத்த மாதம் எண்பது முடிகிறது. குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்று பேச்சு. என் கொழுந்தன் மனைவி, எங்கள் வீட்டுச் சின்னவள், எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அக்கா, நீங்க மட்டும் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. போன தடவை படம் முழுக்க உங்க மஞ்சப் பல்லுதான்."

என் வீட்டுக்காரர், இவரும் சிரித்தார். இவருமா!

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். மன்னிக்கும் மனது கொடு என்று கேட்க வாய் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

மார்ச் 7
பல்லை வெளுக்கும் வழிகளை மூன்று நாள் படித்துக் குறித்துக்கொண்டேன். எலுமிச்சையும் சோடா உப்பும் பல்லை அரிக்கும். கரித்தூள் தேய்க்கும், வெளுக்காது.

பல் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். கிளினிக்கிலேயே ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். இல்லையென்றால் பல்லுக்கு அச்செடுத்துத் தட்டு செய்து தருவார், அதில் ஜெல் விட்டு வீட்டிலேயே இரண்டு வாரம் போட வேண்டும். தட்டு போதும் என்றேன்.

"கேப், அதான் மேல உறை போட்ட பல்லு இருக்கா? மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும். கேப் பழைய நிறத்துலயே நிக்கும்."

எனக்கு இல்லை. சின்னவளின் முன்பல் ஒன்று கேப். குளியலறையில் வழுக்கி விழுந்து அது உடைந்தபோது இதே டாக்டரிடம் கூட்டி வந்தவள் நான்தான். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

மார்ச் 16
ஒன்பதாம் நாள். இரண்டு படி வெளுத்திருக்கிறது. தண்ணீர் பட்டால் கூசுகிறது. கூசட்டும்.

சின்னவள் கண்ணில் பட்டுவிட்டது. "என்னக்கா, பளபளன்னு ஆயிட்டீங்க! எனக்கும் சொல்லுங்களேன்."

கடையில் விற்கும், பல்லில் ஒட்டி வெளுக்கும் பட்டையைச் சொன்னேன். தினம் அரை மணி, ஈறில் படக்கூடாது, பதினான்கு நாள். எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர.

பொய் சொன்னேனா? இல்லையே. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை — அவ்வளவுதானே?

மார்ச் 19
ஆரம்பித்துவிட்டாள். கடவுளே, நீ பார்த்துக்கொள்.

ஏப்ரல் 4
இன்று குடும்பப் படம் எடுக்கப் போன இடத்தில் என் மகள்தான் போட்டு உடைத்தாள்: "சித்தி, ஒரு பல்லு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

சின்னவள் முகம் சுண்டிப்போனது. படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் வாய் நிறையச் சிரித்தேன். நன்றாக வேணும் அவளுக்கு! வீடு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 22
"புது கேப் போடணும், தனியா போக பயமா இருக்கு, வாங்கக்கா" என்றாள். போனேன். மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்ததுமே என் பக்கம் திரும்பினார். "கேப் வெளுக்காதுன்னு உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே. இவங்ககிட்ட சொல்லலையா?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

சின்னவள் கைக்கண்ணாடியிலிருந்து கண் எடுக்கவில்லை. "சொன்னாங்க டாக்டர். நான்தான் காதுல வாங்கல." பிறகு, டாக்டரம்மா கொடுத்த, பல் மாதிரிகள் கோத்த நிற அட்டையை என்னிடம் நீட்டினாள். "நிறம் அக்காவே பார்க்கட்டும்."

டாக்டரம்மா அச்செடுக்கும் மாவு குழைக்கப் போனார். ஒரு படி மங்கலாக எடுத்துக் கொடுத்தால் அவள் ஆயுளுக்கும் அதோடுதான் சிரிக்க வேண்டும். ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சரியானதைத்தான் எடுத்தேன்.

"பொருந்துதாக்கா?"

"பொருந்துது."

ஏன் மறைத்தேன் என்று வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன். அதற்குக்கூட இடம் வைக்கவில்லை, பாவி.