ஆறு வார லீவு

அபிராமபுரம்,
வியாழக்கிழமை

சிரஞ்சீவி குருபிரசாத்துக்கு, விசாலாக்ஷி மன்னி எழுதுவது. ஆசீர்வாதம் கடைசியில் வரும். இப்போது கோபத்தில் இருக்கிறேன்.

சிங்கப்பூரில் உனக்கு வாழ்நாள் சாதனை விருது என்று பேப்பரில் பார்த்தேன். மூன்று மொழிகளில் பதினோரு தொடர்கள், சேனலில் நீ வைத்ததுதான் சட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். உன் முதல் தொடருக்கு நடிக்க ஆள் கிடைக்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றாயே, அதை எழுதவில்லை. பாங்குக்கு லீவு போட்டுவிட்டு வந்து நடித்தவர் உன் பத்ரி அண்ணா.

அந்த மனிதர் இப்போது நடிக்கிற தொடரில், இதய ஆபரேஷனுக்காக உன்னிடம் ஆறு வாரம் லீவு கேட்டார். "நிம்மதியா போயிட்டு வாங்கோண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணம் திங்கட்கிழமை ஏழரை மணிக்குத் தெரிந்தது. தொடரில் அவரைக் கொன்றேவிட்டாய். அவர் படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு, சுற்றிலும் மருமகள்கள் அழுகை.

மறுநாள் இஸ்திரிக்காரர் தங்கவேல் கேட்டிலிருந்தே, "இன்னாம்மா, ஐயாவ சாவடிச்சிட்டானுங்களே!" என்று கத்தினார். உள்ளேயிருந்து இவர் என்னவென்று கேட்டார். சட்டை பொசுங்கிவிட்டதாம் என்றேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபிள் வரவில்லை என்கிறேன். அவர் போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்கிறேன். அவரோ தினமும் கண்ணாடி முன் நின்று வசனம் சொல்லிப் பார்க்கிறார். பதினைந்தாம் தேதி ஷூட்டிங்காம், தாடியை எடுக்கலாமா என்று உன்னிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். நான் என்னத்தைக் கேட்க?

உன் ஆபீஸுக்குப் பேசினேன். "கதைக்கு அது தேவைப்பட்டது மேடம்" என்றாள் ஹம்சினி என்ற பெண். கதாநாயகியின் அப்பாவை இரண்டு வருஷம் அமெரிக்காவில் உட்காரவைக்கத் தெரிந்த உனக்கு, இவரை ஆறு வாரம் காசிக்கு அனுப்பத் தெரியவில்லையா? சாவு வீட்டைக் காட்டினால் ரேட்டிங் ஏறும், அதற்கு இவர்தான் கிடைத்தாரா? வெட்கமாக இல்லை?

இன்னொன்று. ஆபரேஷன் நடந்த அன்று அதே ஹம்சினிதான் அவருடைய நல்ல படம் ஒன்று வேண்டுமென்று கேட்டாள். சீக்கிரம் குணமாகி வரவேண்டும் என்று டிவியில் வாழ்த்தப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்துகொண்டு, அவர் சிரிக்கிற படமாகத் தேடித் தேடி நானே அனுப்பினேன்.

இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். சனிக்கிழமை ஊர் திரும்பியதும் ஏர்போர்ட்டிலிருந்து நேரே இங்கே வா. செய்தவன் நீ, நீயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல். மெதுவாகச் சொல். படம் கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லிவிடாதேப்பா.

நன்றாயிரு.

விசாலாக்ஷி மன்னி