மூன்றாவது டிஸ்க்

நேற்று மாலை மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு ஒன்றைத் தன் வேலைக்குள் சேர்க்கிறாளாம். “ஒரே வரிதாம்மா, இம்போர்ட் பண்ணியாச்சு” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் பழைய எரிச்சல் கிளம்பியது. அவள்மேல் இல்லை, உன்மேல். நீ போய் ஏழு மாதமாகிறது. இன்னும் உன்மேல்தான்.

எண்பதுகளின் கடைசியில், கூலிம் கையுறைத் தொழிற்சாலையின் கணினி அறையில் நாம் இரண்டு பேர்தான். நான் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். பாஸ்கல் என்ற கணினி மொழியை இரவல் புத்தகத்தில் படித்தவள். நீ செர்டாங் டவுன்காரி, கான்வென்ட்டில் படித்து, பினாங்கில் பயிற்சி முடித்தவள். மேனேஜர் உன்னோடு பேசும்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். என்னோடு நின்றபடியே பேசுவார். நீ அதைக் கவனித்ததுகூட இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்தக் கம்பெனி பஸ் என்று பட்டியல் போடும் புரோகிராமை இருவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார் அவர். எது நன்றாக இருக்கிறதோ, அதை எழுதியவருக்குப் பினாங்குத் தலைமை அலுவலகத்தில் வேலை. நான் திரையில் கட்டம் வரைவதிலிருந்து பெயர்களை வரிசைப்படுத்துவதுவரை எல்லாவற்றையும் நானே எழுதினேன். இரண்டு மாதம். நீ கச்சாங் கடலை கொறித்துக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை பினாங்குக் கடையில் வாங்கிய மூன்று டிஸ்க்குகளோடு வந்தாய்.

“மெனு, கட்டம், தேதி எல்லாம் ரெடியா இருக்குலா. மத்தவங்க எழுதி முடிச்சத நாம ஏன் திரும்ப எழுதணும்?”

அந்த ஆயத்தப் பகுதிகளைக் கணினியில் ஏற்றி, உன் புரோகிராமின் தலையில் அவற்றின் பெயர்களை ஒரு வரியில் எழுதினாய். என் இரண்டு மாதம் ஒரு வரியாகிவிட்டது. ஆனால் ஓடவில்லை. அவை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் பழைய பதிப்புக்குச் செய்தவை, நம்முடையது புதியது. மூலநிரலை வைத்து மறுபடியும் கம்பைல் செய்தால்தான் ஏற்கும். மூலநிரல் மூன்றாவது டிஸ்க்கில் இருந்தது. நீ சாப்பிடப் போனாய். நான் அதை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் தேடினாய். பஸ்ஸில் விட்டிருப்பாய் என்று நானே சொன்னேன். நீ நம்பி, பட்டர்வொர்த் பஸ் நிலையம்வரை போய், மழையில் நனைந்து வெறுங்கையோடு திரும்பினாய்.

“எனக்குப் புத்தியே இல்லலா” என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய். “கட்டமெல்லாம் நானே எழுதிக்கிறேன். வரிசைப்படுத்த மட்டும் உன்னோடத எடுத்திருக்கேன். போன வாரம் கேட்டனே, நீகூட சரின்னியே. இங்க பாரு.”

பார்த்தேன். நான் எழுதிய பகுதியைத் தனி யூனிட்டாகக் கட்டி, கடையில் வாங்கியவற்றின் பெயர்கள் இருந்த அதே வரியில் சேர்த்திருந்தாய். அதைத் திறந்ததும், முதல் வரியில் ‘எழுதியவர்’ என்று என் முழுப் பெயர். நீ எழுதியிருந்தால் இவ்வளவு வேகமாக ஓடியிருக்காது என்றாய்.

மறுநாள் காலை டிஸ்க்கை உன் முன்னால் வைத்தேன். “மேசைக்குப் பின்னாடி கிடந்துச்சு.”

நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். என்னையும் பார்த்தாய். “நல்லாத் தேடியிருக்க” என்றாய். அவ்வளவுதான். அந்த மாதமே பினாங்கு போனாய். போகுமுன் மூன்று டிஸ்க்குக்கும் நகல் எடுத்து எனக்கு வைத்துவிட்டுப் போனாய். அவற்றை என் புரோகிராம்களில் பல வருடம் சேர்த்தேன். எதிலும் உன் பெயரை நான் எழுதவில்லை.

போன வருடம் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தது, நலம் விசாரிக்க மட்டுமல்ல. டிஸ்க்கை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிடத்தான் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

“அந்த டிஸ்க்க நீதான எடுத்த? மேசைக்குப் பின்னாடி கிடந்ததுல எப்படிடி உன் கைப்பை பவுடர் வாசனை வரும்?”

“அப்பவே ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா நீ வேலைய விட்டுட்டுப் போயிருப்ப. நீயும் போயிட்டா அங்க யாருக்கு என்ன எழுதத் தெரியும்?”

சிரித்தாய். மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு நன்றி வரவில்லை. மன்னிப்பதிலும் நீதான் முந்த வேண்டுமா என்றுதான் தோன்றியது.

அந்த எரிச்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் அடக்கத்தன்று மாதா கோயிலில் எல்லோரும் அழுதபோது நான் வந்திருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று. பிறகுதான் அழுதேன். இனி யாரைப் பார்த்து நான் பொறாமைப்படுவது?