தொட்டி எத்தனை பேருக்கு?

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

காலையில் மழைநீர்த் தொட்டி தோண்ட மேஸ்திரி வருவார். மழை பெய்யாத நாலு மாதத்தையும் தாங்க, தொட்டி எத்தனை பேருக்கு என்று கேட்பார். "நீ உன் அக்கா வீட்டுக்கே போய்க்கோ, எனக்கு மட்டும் சின்னத் தொட்டி போதும்"னு நேற்றுக் கத்தினீர்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அக்கா வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டேன். எப்போது திரும்புவேனோ, தெரியாது.

கூரையை அளந்து பார்த்தேன். அதில் விழும் மழை இரண்டு பேருக்கும் தாராளம்.

கூரைக் குழாயில் அடைத்திருந்த சருகை எடுத்துவிட்டேன். நீங்கள் ஏணியில் ஏறாதீர்கள், முட்டி வலிக்கும்.

பி.கு.: இரண்டு பேருக்கே தோண்டச் சொல்லுங்கள். சின்னதாகக் கட்டிவிட்டால் பிறகு பெரிதாக்க முடியாது.