ஒன்பதே காலுக்குச் சிவப்பு

ஆவணி 14, திங்கள். விடியும்போதே புழுக்கம்.

நீயே சொல்லு தாயே கற்பகாம்பா, கார்டு செல்லவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்? "சித்தி, முன்னாடியே கூப்பிட வேண்டியதுதானே" என்கிறான் சேகர். கூப்பிட்டேன். குளித்துக்கொண்டிருந்தான். குளிக்கிறவனை எப்படி இழுத்து வருவது.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அக்கா மகன் சேகர் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் கொலு பொம்மை விற்கிறான். கடை கிடையாது. நம் வீட்டுக் கூடம்தான் கடை. சிங்கப்பூர், அமெரிக்கா, எங்கெங்கோ இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்து, கார்டு நம்பரைத் தட்டிப் பணம் கட்டுவார்கள். பணம் ஏறினால் பச்சை வரி. ஏறாவிட்டால் சிவப்பு வரி. சிவப்பு கூடினால் நான் சத்தம் போட வேண்டும். அதுதான் எனக்கு வேலை. கூடவே பொம்மைக்கு வைக்கோல் சுற்றுவது, போன் எடுப்பது.

இன்று ஒன்பதே காலுக்கு மடமடவென்று சிவப்பு. மிளகாய் காயப்போட்ட மாதிரி. பத்து நிமிஷம். அப்புறம் தானாகவே பச்சை. வெள்ளிக்கிழமையும் இதே கூத்து. இரண்டு தசாவதாரம் செட், ஒரு செட்டியார் கடை செட், எல்லாம் கட்டிவைத்தபடியே கிடக்கிறது.

வெப்சைட்டில் நல்ல நேரம் போடச் சொன்னது நான்தான். போன வெள்ளியிலிருந்து போடுகிறார்கள். அது ஒன்றுதான் அதில் உருப்படியாக இருக்கிறது.

சாயங்காலம் தெற்கு மாட வீதி. அவரைக்காய் முற்றல். பூ விலை கேட்டால் பூக்காரி என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். "வாங்கினு போறதுன்னா போ, கசக்கினு நிக்காத" என்றாள். வாங்கவில்லை. உனக்கு நந்தியாவட்டைதான் இன்றைக்கு.

ஆவணி 16, புதன். தூறல். கோலம் கலைந்தது.

இன்று நடந்த அநியாயத்தைக் கேள். முதலில் இருந்து எழுதுகிறேன்.

ஒன்பதே காலுக்கு மறுபடியும் சிவப்பு. நான் போட்ட சத்தத்தில் சேகர் ஈரத் தலையோடு ஓடி வந்தான். ஷமீம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராயப்பேட்டைப் பெண். அப்பாவுக்கு மெத்தைக் கடை. ஆர்டர் எல்லாம் அவள்தான் பார்ப்பாள். காலையில் வந்ததும் எனக்கு ஒரு வணக்கம், உன் படத்துக்கு விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை. அணைந்திருந்தால், "அம்மா, எண்ணெய்" என்பாள். என் சொந்த மருமகள் சொன்னதில்லை.

டெலிபோன் லைன்மேன் வந்தார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "லைன் ஜோரா கீதும்மா. உங்க பொட்டிலதான் இன்னாவோ கீது" என்றார். காபி கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து பேங்கிலிருந்து போன். யாரோ திருட்டுக் கார்டுகளை நம் கடையில் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம். இன்னும் இப்படியே போனால் கார்டு வசதியை நிறுத்திவிடுவார்களாம்.

தினகர் (சேகரின் கூட்டாளி, ப்ரோகிராம் எழுதினவன், செருப்போடு கூடத்துக்குள் வருகிறவன்) யோசித்தான். யோசித்து ஷமீமைப் பார்த்தான்.

"ஒன்பது மணிக்கு நீ வர்ற. ஒன்பதே காலுக்கு ஃபெயில் ஆகுது. ஒவ்வொரு தடவையும் அதே டயம். கார்டு நம்பர் எல்லாம் உன் கண்ணுலதான் படுது."

"அதுக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் வீட்டுல இரு. பாப்போம்."

லைன்மேன் டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார். அவர் முன்னால் சொன்னான். அந்தப் பெண் பையை எடுத்தாள், டிபன் பாக்ஸை எடுத்தாள், "வரேம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வளர்த்த பிள்ளை.

நான் கேட்டேன், நாள் முழுக்க அந்த நாற்காலியில் அவள்தானே உட்காருகிறாள், எது நடந்தாலும் அவள் இருக்கும்போதுதானே நடக்கும், மழை பெய்தாலும் அவள்தான் காரணமா என்று. "ஆன்ட்டி, இது டெக்னிக்கல்" என்றான்.

ராத்திரி ரசம் மட்டும். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சத்தைக் கொட்டினேன்.

ஆவணி 17, வியாழன். வெயில்.

நாற்காலியில் நான். ஒன்பதே கால் வந்தது, போனது. எல்லாம் பச்சை. தினகர் மீசையைத் தடவினான். "பாத்தீங்களா ஆன்ட்டி."

பத்தே முக்காலுக்குச் சிவப்பு. முந்தியதைவிட அதிகம். இப்போது என்ன சொல்லுவாய் என்று திரும்பிப் பார்த்தேன். "போறப்ப நம்பரை வெளிய குடுத்துட்டுப் போயிருக்கா" என்கிறான். அவள் இருந்தாலும் அவள்தான், இல்லாவிட்டாலும் அவள்தான். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான்.

போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மாள். எடுத்த எடுப்பில் சண்டை.

"நல்ல நேரம்னு நீங்கதானே போட்டீங்க? லஞ்ச் டப்பாகூடத் தொறக்காம, பத்தே முக்கால் எப்ப ஆகும்னு மெட்ராஸ் டயத்தப் பாத்து உக்காந்திருக்கேன். அழுத்தினா கார்டு செல்லாதுங்குது. முதல் பொம்மை வாங்கறப்பவே இப்படி தட்டிப்போகுதே, நல்லாவா இருக்கு?"

"நீங்க பத்தே முக்காலுக்கா அழுத்தினீங்க?"

"நான் மட்டுமா? எங்க பிளாக்கில நாலு பேர் உக்காந்திருக்கோம்."

போனை வைத்தேன். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி, திங்கள், புதன் நல்ல நேரம் ஒன்பதே கால். வியாழன் பத்தே முக்கால். மற்ற நாள் ஏழே முக்கால், அப்போது பெட்டி முன்னால் யாரும் இருப்பதில்லை. அத்தனை பேரும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்து ஒன்றாக அழுத்துகிறார்கள். ஒரே நிமிஷத்தில் இத்தனை கார்டு வந்தால் பேங்க் மெஷின் திருட்டு என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுமாம், சேகர் சொன்னான். நீ நடை திறந்ததும் ஜனம் முண்டியடிக்கிறது. குருக்கள் போலீஸையா கூப்பிடுகிறார்.

"வில்லங்கம் உங்க நல்ல நேரத்துலதான் சித்தி" என்று சிரித்தான் சேகர். சிரிப்பு வருகிறதா உனக்கு என்றேன். நல்ல நேரம் பார்த்து நல்லது வாங்க நினைத்தது ஜனத்தின் குற்றமில்லை, நான் போடச் சொன்னதும் குற்றமில்லை. அந்தப் பெண்ணை அனுப்பினீர்களே, அதுதான் குற்றம். போய்க் கூப்பிடு என்றேன். "போன் பண்றேன் சித்தி."

பண்ணவில்லை.

ஆவணி 18, வெள்ளி. மேகமூட்டம்.

நேரம் போட்ட வரியை எடுத்துவிட்டார்கள். ஒரு சிவப்பு இல்லை. பேங்க்காரர்களும் சரி என்றுவிட்டார்கள். கடை பிழைத்தது. கூடத்தில் தினகர் விசில் அடிக்கிறான்.

மத்தியானம் நானே ஆட்டோ பிடித்து ராயப்பேட்டை போனேன். மீட்டருக்கு மேல் கேட்டான், கொடுத்தேன், திட்டிக்கொண்டே கொடுத்தேன். ஷமீமின் அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஏலக்காய் டீ. நல்ல டீ.

"பொண்ணுக்கு இடம் பேசிக்கிட்டிருக்கோம்மா. கார்டு நம்பர எடுத்துட்டான்னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா, அப்புறம் யாரு வருவா? அந்த போன்காரரு எங்க தெருவுக்கும்தான் வர்றாரு."

இதை நான் நினைக்கவே இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது, வா என்று ஷமீமிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"தினகர் சார் எங்க நின்னு சொன்னாரோ அங்கயே நின்னு இல்லன்னு சொல்லட்டும்மா. லைன்மேன் அண்ணன் இருக்கறப்ப. அப்ப வரேன்."

நியாயம். அதைவிடக் குறைத்துக் கேட்க முடியாது. திரும்பும்போது சாந்தோம் வழியாக வந்தேன், கடல் காற்று. தலைவலி விடவில்லை.

ஆவணி 19, சனி. காற்றே இல்லை.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், திரிநூல், வைக்கோல் இரண்டு கட்டு, அமிர்தாஞ்சனம்.

தினகரிடம் சொன்னேன். முடியாதாம்.

"நான் திருடின்னு சொல்லவே இல்லையே ஆன்ட்டி. வெள்ளி, திங்கள், புதன், மூணு தடவையும் அவதான் சீட்ல இருந்தா. யாரா இருந்தாலும் சந்தேகம் வரும். அதுக்கு எதுக்கு மன்னிப்பு?"

சேகரும் தலையாட்டினான். "அதுவும் சரிதானே சித்தி. மூணு தடவையும் இருந்தாளே."

மூன்று தடவையும் இருந்தாள் என்றால் என்ன பதில் சொல்ல. எழுந்து வந்துவிட்டேன். பாத்திரத்தைப் போட்ட சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

விளக்கேற்றிவிட்டு உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் சுலோகம் பாதியில் நிற்கிறது. நேற்று ராயப்பேட்டை போனதில் உன் சன்னதிக்கு வரவில்லை, மன்னிச்சுக்கோ. முந்தின வெள்ளியும் வரவில்லை. இரண்டு வெள்ளி தொடர்ந்து வராமல் இருந்ததே இல்லை. முந்தின வெள்ளி எதற்காக வராமல் போனேன்? புடவை மாற்றி, அர்ச்சனைத் தட்டெல்லாம் எடுத்து வைத்தேனே.

ஆமாம், அந்த வெள்ளி காலையில் ஷமீம் போன் பண்ணினாள். தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், மத்தியானம்தான் வருவேன், அதுவரைக்கும் சீட்டில் கொஞ்சம் உட்காருங்கம்மா என்றாள். அன்றைக்கு ஒன்பதே காலுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.