ஒரே ஒழுங்கையில் ஐந்து டெலிபோன் கடைகள்

அக்கா,

இன்று பின்னேரம் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது நமது பழைய ஒழுங்கைக்குள்ளால் வந்தேன். கால் உளைச்சலோடு பெரிய தெருவான காலி வீதியைச் சுற்றி வர மனம் வரவில்லை. பாதி வழியில் ஒரு வாசனை என்னை நிறுத்திவிட்டது. புதுப் பலகையும் பசையும் கலந்த வாசனை. யாரோ தங்கள் வீட்டு முன்னறையை உடைத்துக் கடையாக்குகிறார்கள். உள்ளே இரண்டு பேர் பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கடை வரப்போகிறது என்று கேட்டேன். "கேக் கடை, அன்ரி," என்றான் ஒருவன். அதே வரிசையில் ஏற்கனவே மூன்று கேக் கடைகள் இருக்கின்றன. மூன்றிலும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்பென்றால் சிரித்திருப்பேன். இன்று அலுப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இதை வாசிக்கப்போவதில்லை. போன மாதம் சுவிஸிலிருந்து உங்கள் தம்பி டெலிபோன் எடுத்து, நீங்கள் செத்துப்போன செய்தியை "அக்கா போட்டா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அவரிடம் என்னத்தைக் கேட்பது என்று தெரியாமல் நானும் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அழுகை வர இரண்டு நாள் பிடித்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். கடல் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில், ஹாஜியாரின் பழைய வீட்டு முன்பகுதியை நீங்கள் வாடகைக்கு எடுத்திருந்தீர்கள். பக்கத்து அறையில் நான். எனக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட் வேலை. உங்களுக்கு அடுப்படி. ஒழுங்கையில் இருந்த லொட்ஜுகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த சனம் வெளிநாட்டு விசாவுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தது. அவர்களுக்கெல்லாம் காலையும் இரவும் உங்கள் இடியப்பம், சொதி, சம்பல். விசா கிடைத்துப் போகிறவர்கள் கூட எயார்போட்டுக்குப் போகுமுன் உங்கள் கதவைத் தட்டி ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போவார்கள். உங்களுக்கு அதில் இருந்த பெருமை எனக்குத் தெரியும். வாயால் சொல்லமாட்டீர்கள், அன்றைக்குச் சம்பலில் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூடியிருக்கும்.

அத்தான் செத்த பிறகு உங்கள் தம்பி சுவிஸுக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் மசியவில்லை. "அங்கை போனால் மச்சாளின்ரை வீட்டிலை இருக்கவேணும். எனக்கு ஒரு அடுப்பும் ஒரு திறப்பும் காணும். அந்தத் திறப்பு என்ரை இடுப்பிலை இருக்கவேணும்," என்று வாசல் கதவின் பூட்டைக் காட்டிச் சொல்வீர்கள். உங்கள் வாழ்க்கையில் அப்போது மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். கொழும்பில், உங்கள் உழைப்பில், உங்கள் வீட்டில் இருப்பது.

தம்பியோடு கதைக்க வசதியாக ஒரு டெலிபோன் லைனுக்கு எழுதிப் போட்டீர்கள். கன காலத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து தூணைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில்தான் பொலிஸ் வந்து ஒழுங்கையைச் சுற்றிவளைத்தது.

மற்ற நாட்களில் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு வந்தவன் நேரே அடுப்படிக்குள் போனான். அடுக்கி வைத்திருந்த இடியப்பத் தட்டுகளைப் பார்த்தான். சொதிப் பானையின் மூடியைத் திறந்தான். "மே கேம காட்டத?" என்று சிங்களத்தில் கேட்டான். இந்தச் சாப்பாடு யாருக்கு? "லொட்ஜ் எகட்ட, மாத்தயா," லொட்ஜுக்கு ஐயா, என்றீர்கள். தனி ஒரு பொம்பிளை ஏன் இத்தனை பேருக்குச் சமைக்கிறாள், எங்கே புலிகளை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். நீங்கள் விளக்கம் சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹாஜியார் பின்னாலேயே போய், இவ என் வீட்டில் இருக்கிறவ, சமைத்து விற்கிறவ என்று தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துச் சொல்லி, பொழுதுபடத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் கால் கழுவிவிட்டு வந்து மாவைக் குழைக்கத் தொடங்கினீர்கள். "விடுங்கோ அக்கா, ஒரு நாள் பட்டினி கிடக்கட்டும்," என்றேன். "அதுகள் என்ன செய்யும், பாவங்கள்," என்றீர்கள். அன்றைக்கு மாவில் தண்ணீர் கூடிப்போய்விட்டது.

பிறகு வந்த மாதங்களில்தான் எதிரே கொப்பி, பென்சில் விற்றுக்கொண்டிருந்த அண்ணை தன் கடையை ஒதுக்கி, கண்ணாடிக் கூண்டுகள் வைத்து, "கொமியூனிகேஷன்" என்று போர்ட் போட்டார். உள்ளூர், வெளிநாட்டு அழைப்புகள் எல்லாம் எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் லொட்ஜுக்கு ஆள் ஓடிப் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் திருவிழாதான். கூண்டுக்குள் கத்துகிற கத்தில் யாருடைய மகனுக்குச் சம்பந்தம் குழம்பியது, யாருக்கு எம்பஸி கையை விரித்தது என்பதெல்லாம் ஒழுங்கைக்கே தெரிந்துவிடும். அவரைப் பார்த்து மூலையில் பலசரக்குக் கடைக்காரரும் ஒன்று போட்டார். அவரைப் பார்த்து ரெயிலர் தையல் மெஷினைப் பின்னால் தள்ளிவிட்டு ஒன்று போட்டார்.

ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது நீங்கள் கேற்றடியில் நின்று மூன்று கடைகளையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இடியப்பத்தை நிப்பாட்டப் போறன். முன்னறையிலை டெலிபோன் கடை போடுவம் எண்டு யோசிக்கிறன்."

"என்னக்கா, விசரே உங்களுக்கு? சனம் வரிசையிலை நிண்டு வாங்குது."

"இத்தினை பேர் போடுகினம். அவையெல்லாம் விசரரே? ஒண்டும் இல்லாமலே போடுகினம்?"

"அவையும் ஒராளை ஒராள் பார்த்துத்தான் போடுகினம்."

"பார்த்துத்தானே போடுகினம், கண்ணை மூடிக்கொண்டு போடேல்லையே," என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "உமக்கு விளங்காது. உம்மை என்ன செய்யிறனீர் எண்டு கேட்டால் கம்பனியின்ரை பேரைச் சொல்லிப்போட்டுப் போயிடுவீர்."

புகையில்லாத தொழில் வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருக்க யாருக்குத்தான் ஆசை இராது என்று நான் விட்டுவிட்டேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இருக்கவில்லை. அந்த வருடம் எங்கள் கந்தோரில் ஒருத்தி பின்னேரம் கணக்கியல் வகுப்புக்குப் போகத் தொடங்க, அவளைப் பார்த்து இன்னொருத்தி போக, கடைசியில் இலக்கத்தைக் கண்டாலே தலையிடிக்கும் நானும் பம்பலப்பிட்டியில் ஒரு வகுப்பு வாங்கில் குந்தித் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். "தேத்தண்ணிக்குச் சீனி அளவாய்ப் போடத் தெரியாது, இவ கணக்கு முடிச்சு டிரெக்டராய் வரப்போறா," என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். ஏன் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சரியான பதில் இல்லை. எல்லோரும் வகுப்புக்குப் பஸ் ஏறப் போகும்போது நான் மட்டும் மேசையில் இருப்பது ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைக் கேட்டு அழுதால் அடம் பிடிக்கிறது என்கிறோம். வளர்ந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரனின் தொழிலைக் கேட்டு அழுவதில்லை. நேரே போய்த் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குத் துணிவு என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

கேட்டிருந்த லைன் ஒரு வழியாக வந்தது. உங்கள் கடை நாலாவது. உங்களைப் பார்த்து அஞ்சாவதும் வந்தது. அஞ்சு கடைக்கும் கூண்டு அடித்தவர் ஒரே தச்சுக்காரர், ஒரே அளவு, ஒரே நீலப் போர்மைக்காத் தகடு. கொஞ்சக் காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு வீடுகளுக்கு லைன் வந்தது. வசதியானவர்கள் கையில் போன் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். லொட்ஜுகளிலும் ஆள் குறைந்தது. நீங்கள் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாராவது படியேறினால் எழும்பி நிற்பீர்கள். அவர்கள் வேறு வீட்டுக்கு வழி கேட்டுவிட்டுப் போவார்கள்.

எதிர்க்கடை அண்ணைதான் முதலில் மூடினார். போர்ட்டைக் கழற்றிவிட்டு, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டீர்கள்.

"கொப்பிக்கடை வடிவாய் ஓடினதெல்லோ அண்ணை. என்னத்துக்கு இதுக்குள்ளை இறங்கினனீங்கள்?"

அவர் உங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். "நல்லாய்க் கேட்டியள் தங்கச்சி. உங்களைப் பார்த்துத்தானே இறங்கினனான்."

"என்னையோ?"

"உங்கடை வீட்டுக்கு லைன் பார்க்க ஆக்கள் வந்தவை எல்லே. நீங்கள் டெலிபோன் கடை போடப்போறியள் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை. அவ்வளவு ஓடுற இடியப்பத்தை விட்டிட்டு மனுசி இதுக்குப் போறா எண்டால் அதுக்குள்ளை என்னவோ விசயம் இருக்கு, முந்திக்கொள்ளுவம் எண்டு நினைச்சன்."

தம்பியோடு கதைக்கக் கேட்ட லைன். அதைப் பார்த்து அவர், அவரைப் பார்த்து மற்றவர்கள், அவர்களையெல்லாம் பார்த்து நீங்கள். நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். அண்ணையும் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து அன்றைக்கு வெகு நாளாகியிருந்தது.

அவர் போன பிறகு நீங்கள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றீர்கள்.

"அவர் என்னைப் பார்த்துத் துவங்கினவர். நான் அவரைப் பார்த்துத் துவங்கேல்லை."

"பின்னை?"

"பயத்திலை துவங்கினனான். அண்டைக்கு அவன் பானையைத் திறந்து ஆருக்கு எண்டு கேட்டானெல்லே. நான் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் கூடிச்சுது. இந்த ஒழுங்கையிலை இடியப்பம் விக்கிறவள் நான் ஒருத்திதான். டெலிபோன் கடை எண்டால் கனபேர். நீ ஏன் இதைச் செய்யிறாய் எண்டு ஆரும் கேட்டால், பேசாமல் எதிர்க்கடையைக் கையாலை காட்டலாம்."

அந்தக் கடை ஓடுமா ஓடாதா என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த மாதங்களில், அடுத்த முறை ஜீப்பில் ஏற்றுவார்களா மாட்டார்களா என்பதுதான் உங்கள் யோசனையாக இருந்திருக்கிறது. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்காமல் விட்டால் போதும் என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

திரும்ப அடுப்பு மூட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அதற்குள் ரெயிலரின் மனைவி இடியப்பம் அவிக்கத் தொடங்கியிருந்தா. மிஞ்சியிருந்த லொட்ஜ்காரரும் அங்கே பழகிவிட்டார்கள். உங்கள் இடியப்ப உரலையும் தட்டுகளையும் நீங்களே அவவுக்குக் கொடுத்திருந்தீர்கள். "அதுகளும் பிழைக்கவேணும்," என்றீர்கள். கொஞ்ச நாளில் தம்பி அனுப்பிய ஸ்பொன்சர் கடதாசிகளில் கையெழுத்து வைத்தீர்கள். போகிற அன்று திறப்பை ஹாஜியாரிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுவிஸிலிருந்து எடுத்துக் கதைப்பீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில். "இஞ்சை எல்லா வசதியும் இருக்கு. அடுப்புத்தான் மச்சாளின்ரை." பிறகு உடனே என் முழங்காலைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நேற்று எங்கள் மேல்மாடியில் இருக்கும் இளம் பெண் ஒருத்தி வந்தாள். கணவனுக்குத் தெஹிவளையில் ஒரு பார்மசியில் நிரந்தர வேலை. அவனுக்கு அந்த வேலை பிடித்தும் இருக்கிறது. இவள் அதை விடச் சொல்லி நிற்கிறாள். முதியோரைப் பராமரிக்கிற வேலைக்கென்று இந்த மாடிவீட்டுச் சனம் ஒவ்வொன்றாக லண்டனுக்குப் போகிறது. "எல்லாரும் போகினம் அன்ரி. இவர் மட்டும் மாட்டன் எண்டு நிக்கிறார். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ."

என் வாயில் பிரசங்கம் தயாராக இருந்தது. கேக் கடைக்காரருக்கும், கம்பியூட்டர் படிக்கப் போனவர்களுக்கும், அவுஸ்திரேலியாவுக்கு வீட்டை விற்றுப் போனவர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பிரசங்கம். ஒருவரும் கேட்டதில்லை. சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

"என்ன பயம் பிள்ளை உமக்கு?" என்று கேட்டேன்.

சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, நாட்டு நிலைமை என்று எல்லாவற்றுக்கும் பதில் அடுக்கிக்கொண்டு வந்தவள், திரும்பிப் படியைப் பார்த்தாள்.

"எங்கடை மாடித் தட்டிலை இப்ப நாங்கள் மட்டும்தான் அன்ரி. இவர் வேலைக்குப் போனால் படியிலை ஒரு செருப்புச் சத்தமும் கேட்காது. கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறன்."

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தாள். அழுதாள், கதைத்தாள், என் சீனி கூடின தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்தாள். உங்களிடம் அன்றைக்குக் கேட்கத் தெரியாமல் போன அந்த ஒரு கேள்விதான் எனக்கு மிஞ்சியது, அக்கா. லண்டனுக்குப் போவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று காலையில் கதவைத் தட்டி, கீழே கடைக்குப் போகிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு படியிறங்கினேன்.

உங்கள் பக்கத்து அறைக்காரி