இவாஞ்சலினின் மருந்து

பூனா, செப்டம்பர் 2008

அன்பு மகள் ஆக்னஸுக்கு,

கர்த்தர் கிருபையில் விடுதிச் சமையல் வேலையோடு சுகமாக இருக்கிறேன். உன் வயிற்றுவலி எப்படியிருக்கிறது?

இங்கே ஆராய்ச்சி படிக்கும் உன் மகள் இவாஞ்சலின் ஜெயித்துவிட்டாள்! உனக்குக் கர்ப்பப்பைக்கு வெளியே சவ்வு வளர்ந்திருக்கிறதே, அதே நோயுள்ள எலிகளுக்கு, கண்ணுக்குத் தெரியாத நானோ துகளில் மருந்தை ஏற்றிக் கொடுத்தாள். சவ்வு சுருங்கிவிட்டது. மனுஷருக்கு வர இன்னும் பல வருஷமாகுமாம்.

“அம்மா நடிக்கலன்னு இனி காட்டலாம் ஆயா,” என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

உன் நாத்தனார் ரெபேக்கா, “ஷூ கம்பெனிக்குப் போவ பேஜாரு, அதான் வயித்தப் புடிச்சிக்கிறா,” என்று கோயிலில் சிரித்ததை நான் மறக்கவில்லை.

ஊரிலிருந்து யார் இங்கே வந்தாலும் கருவாடு கொடுத்தனுப்பு, என்னோடு கொஞ்சநேரம் ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டுப் போகட்டும்.

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கையைக் காரணம் எழுதிப் போடு. ‘சுகவீனம்’ என்று மழுப்பாமல், கர்ப்பப்பை நோய் என்றே போதகர் சத்தமாக வாசிக்கட்டும். ரெபேக்கா முன்வரிசையில்தான் உட்காருவாள்.

சோறு கொதிக்கிறது.

அம்மா